ரேம் போட்டால் லேக் போய்விடுமா? கேமிங் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்

"அண்ணே, இன்னொரு 8 ஜிபி ரேம் போட்டுட்டா ஜிடிஏ லேக் அடிக்காதுல்ல?" ராமநாதபுரத்தில் லேப்டாப் சர்வீஸ் பார்ப்பவரிடமும், கம்ப்யூட்டர் படித்த பக்கத்து வீட்டு அண்ணனிடமும் ஓயாமல் வரும் கேள்வி இது. "போடு தம்பி, பறக்கும்" என்பதுதான் வழக்கமான பதில். சில லேப்டாப்பில் உண்மையிலேயே பறக்கும். பலதில் காசு போனதுதான் மிச்சம்.

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் வளைகுடாவில் இருக்கும் மாமாவோ மச்சானோ ஊருக்கு வரும்போது கொண்டுவந்த கேமிங் லேப்டாப்புகள் நிறைய உண்டு. வந்த புதிதில் நன்றாக ஓடும். இரண்டு வருடம் கழித்து அதே கேம் திக்கும். உடனே "பழசாயிடுச்சு, அப்கிரேட் பண்ணணும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். லேப்டாப்புக்குள் எது எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்தால், காசை எங்கே போடலாம், எங்கே போட்டால் வீண் என்பது தானாகப் பிடிபடும். நம் கரையில் பல லேப்டாப்புகளுக்கு முதலில் தேவைப்படுவது புதுப் பாகமே இல்லை.

மீன் கம்பெனியில் ஒரு காலை

மண்டபத்திலோ பாம்பனிலோ படகு கரைக்கு வந்ததும் சரக்கு போய்ச் சேரும் ஒரு மீன் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் ஐஸ் ரூம். முன்பக்கம், மீனைக் கொட்டித் தரம் பிரிக்கச் சிமென்ட் தளம். தளத்தைச் சுற்றி அனுபவமுள்ள ஏழெட்டுப் பேர். எந்த மீன் எந்தக் கூடைக்கு என்று முடிவெடுப்பது அவர்கள்தான். அப்புறம், இறால் உரிப்பதற்கென்றே ஒரு பெரிய கூட்டம். அத்தனை பேரும் ஒரே வேலையை ஒரே நேரத்தில் செய்வார்கள். அவர்களுக்கென்று தனி மேசை.

ஐஸ் ரூம்தான் எஸ்எஸ்டி. கரன்ட் போனாலும் கேமும் ஃபைலும் அழியாமல் இருக்கும் இடம். சிமென்ட் தளம்தான் ரேம். இந்த நிமிடம் வேலை நடக்கும் சரக்கு மட்டும் இங்கே இருக்கும், லேப்டாப்பை அணைத்தால் காலியாகிவிடும். தரம் பிரிக்கும் ஏழெட்டுப் பேர் பிராசஸர். இறால் உரிக்கும் கூட்டம் கிராபிக்ஸ் சிப். அந்தக் கூட்டத்தின் தனி மேசைக்கு வீரேம் என்று பெயர். கிராபிக்ஸ் சிப்புக்கு மட்டுமே உரிய நினைவகம்.

தளம் சின்னதாக இருந்தால் பாதி மீனை ஐஸ் ரூமுக்குத் திருப்பி அனுப்பி, தேவைப்படும்போது மறுபடி எடுத்துவர வேண்டும். அப்போது தளத்தைப் பெரிதாக்கினால் வேலை சட்டென்று நகரும். தளத்தில் ஏற்கெனவே பாதி இடம் காலியாகக் கிடந்து, இறால் உரிக்க ஆள் போதாமல் வேலை நிற்கிறது என்றால், தளத்தை மைதானம் அளவுக்குக் கட்டினாலும் ஒரு இறால்கூட அதிகமாக உரிபடாது.

இன்னொன்றும் உண்டு. தகரக் கூரைக்குக் கீழே உச்சிவெயில் இறங்கினால், எத்தனை கெட்டிக்கார ஆளாக இருந்தாலும் கை தளரும். காலையில் பத்துக் கூடை முடித்தவர் மதியம் ஐந்துதான் முடிப்பார்.

ஒரு ஃபிரேம் எப்படி உருவாகிறது

கம்பெனியை விட்டு லேப்டாப்புக்கு வருவோம். திரையில் ஓடும் கேம் என்பது வேகமாக மாறும் படங்களின் வரிசை. ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். வினாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லி வினாடி.

அதற்குள் பிராசஸர் கணக்குப் போட வேண்டும்: எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது, கார் எதில் மோதியது. அந்தக் கணக்கை வாங்கிக்கொண்டு கிராபிக்ஸ் சிப் படம் வரைய வேண்டும். 1920க்கு 1080 அளவுள்ள திரையில் 20 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். வினாடிக்கு 60 முறை என்றால் 12 கோடிக்கும் மேல். ஒரே மாதிரிச் சின்ன வேலையை லட்சக்கணக்கில் செய்ய வேண்டியிருப்பதால்தான் அதற்குத் தனிக் கூட்டம்.

இந்த இரண்டில் எது பின்தங்குகிறதோ அதுதான் ஃபிரேம் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். வலோரன்ட் போன்ற கேமில் படம் எளிமையானது. அங்கே பெரும்பாலும் பிராசஸர்தான் எல்லை. கண்ணுக்கு விருந்தாக இருக்கும் பெரிய கேம்களில் கிராபிக்ஸ் சிப் எல்லை. ரேம் இரண்டுக்கும் சரக்கு கொடுத்துக்கொண்டிருக்கும் இடம், அவ்வளவுதான்.

சுருக்கமாக: ரேம் பற்றாமல் இருந்தால் ரேம் போடுவது பலன் தரும். பற்றுகிறது என்றால், அதற்கு மேல் போடுவது சும்மா கிடக்கும்.

எதை மாற்ற முடியும், எதை மாற்றவே முடியாது

"கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாத்திக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு வருத்தமான செய்தி. இன்றைய கேமிங் லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றில் கிராபிக்ஸ் சிப்பும் அதன் வீரேமும் மதர்போர்டிலேயே சால்டர் (உருக்கிப் பற்றவைத்தல்) செய்யப்பட்டிருக்கும். மேசைக் கம்ப்யூட்டரில் கழற்றி மாட்டுவதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். பிராசஸரும் அதேதான். 2013 வாக்கில் வந்த இன்டெல் நான்காம் தலைமுறை வரை கழற்றி மாட்டும் லேப்டாப் பிராசஸர்கள் இருந்தன. அதற்குப் பிறகு வந்தவை சால்டர்தான். வாங்கும்போது யோசிக்க வேண்டியது இந்த இரண்டைத்தான். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாற்றக்கூடியவை: ரேம், எஸ்எஸ்டி, வைஃபை கார்டு, பேட்டரி, விசிறி. ரேமிலும் ஒரு கண்டிஷன் உண்டு. மெலிந்த மாடல்கள் சிலவற்றில் ரேமும் போர்டிலேயே ஒட்டியிருக்கும். வாங்கும் முன் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு கம்பெனியின் சர்வீஸ் மேனுவலைத் தேடிப் பாருங்கள். எத்தனை ஸ்லாட், எந்த வகை, அதிகபட்சம் எவ்வளவு என்று அதிலேயே இருக்கும்.

டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு ரேம் வகைகளும் வேறு வேறு. லேப்டாப் ரேமில் முதலாவதுக்கு 260 பின், இரண்டாவதுக்கு 262. நடுவில் உள்ள வெட்டு இருக்கும் இடமும் மாறும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது. அழுத்தி உட்கார வைக்கப் பார்த்தால் ஸ்லாட் போய்விடும்.

ரேம் போட்டதும் சிலருக்கு உண்மையிலேயே பறக்கிறதே, ஏன்? பல லேப்டாப்புகள் ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக்கோடு, பக்கத்து ஸ்லாட் காலியாக வருகின்றன. அதே மாதிரி இன்னொன்றை மாட்டினால் பிராசஸர் இரண்டு ஸ்டிக்கிலிருந்தும் ஒரே நேரத்தில் தரவை எடுக்கும். பாதை இருமடங்கு அகலமாகும். இதுதான் டூயல் சேனல். கொள்ளளவு கூடியதால் மட்டும் வந்த பலன் இல்லை அது. வேகம் வேறுபட்ட இரண்டைக் கலந்து போட்டால், இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும்.

எஸ்எஸ்டி பற்றி நீட்ட வேண்டியதில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 100 முதல் 150 எம்பி படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி வரை. என்விஎம்இ வகையில் மூன்றாம் தலைமுறை 3,500, நான்காம் தலைமுறை 7,000 எம்பி வரை. கேம் திறக்கும் நேரமும், அடுத்த மேப் வரும் நேரமும் குறையும். ஓடிக்கொண்டிருக்கும் கேமின் ஃபிரேம் எண்ணிக்கை பொதுவாக அப்படியேதான் இருக்கும். வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள்: 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். வைஃபை கார்டை மாற்றினால் பிங் (கேம் சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம்) குறையும் என்பதை நம்பி இறங்காதீர்கள். வீட்டுக்கு வரும் இணைப்பே மந்தமாக இருந்தால் கார்டு என்ன செய்யும்?

சுருக்கமாக: பிராசஸரும் கிராபிக்ஸும் வாங்கியது வாங்கியதுதான். ரேம், எஸ்எஸ்டி நம் கையில்.

சூடு: பலரும் பார்க்காமல் விடுவது

கேம் தொடங்கிப் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகுதான் திக்குகிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது ரேமை இல்லை.

பிராசஸர் வேலை செய்யும்போது சூடாகும். பெரும்பாலான லேப்டாப் பிராசஸர்களுக்கு 95 முதல் 105 டிகிரி செல்சியஸுக்குள் ஒரு எல்லை வைத்திருப்பார்கள். அதைத் தொட்டால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்குத்தான் த்ராட்டிலிங் என்று பெயர். சிப் பழுதாகவில்லை, உச்சிவெயிலில் கை தளர்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சூட்டை வெளியேற்றும் ஏற்பாடு அழகானது. சிப்பின் மேல் ஒரு தாமிரத் தகடு. அதிலிருந்து விசிறி வரை தட்டையான தாமிரக் குழாய்கள் ஓடும். இவை ஹீட் பைப். பார்த்தால் கெட்டித் தாமிரம் போலத் தெரியும், உள்ளே குழல். காற்றை எடுத்துவிட்டுச் சொட்டுத் தண்ணீர் வைத்து மூடியிருப்பார்கள். காற்றழுத்தம் இல்லாததால் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகும். சிப் பக்கம் ஆவியாகி, விசிறிப் பக்கம் போய்க் குளிர்ந்து மறுபடி தண்ணீராகி, உட்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே திரும்பி வரும். கேம் ஓடும் வரை இந்தச் சுற்று நிற்காது. அதனால்தான் ஹீட் பைப்பை வளைக்கக் கூடாது. நசுங்கினால் சுற்று தடைபடும்.

சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருக்கும். அவற்றில் காற்று நின்றால் சூடு கடக்காது. காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். அந்த இடைவெளியை நிரப்பத் தடவும் பசைதான் தெர்மல் பேஸ்ட். வருடங்கள் போகப் போக அது காய்ந்தோ ஓரத்துக்கு ஒதுங்கியோ போகும்.

குழாயின் முடிவில் மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். விசிறி அவற்றுக்கு நடுவே காற்றை ஊதித்தள்ளும். நம் கரையில் கதை கெடுவது இங்கேதான்.

உப்புக்காற்று உள்ளே செய்யும் வேலை

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றிலேயே காய்ந்து உப்புத்துகளாக மிதக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதோடு மணலும் சேரும். விசிறி இதையெல்லாம் உள்ளே இழுக்கிறது. கடலோர வீட்டில் இரண்டு வருடம் ஓடிய லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றினால், விசிறி வாய்க்கும் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். விசிறி முழு வேகத்தில் கத்தியும் காற்று வெளியே வராததற்குக் காரணம் அதுதான். தகட்டு ஓரங்களில் வெள்ளைப் பூப்பும், தாமிரத்தில் பச்சைக் கறையும் சில லேப்டாப்புகளில் தெரியும்.

கடலை விட்டுத் தள்ளியிருக்கும் வீடுகளிலும் தூசி சேரும். உப்பு சேர்ந்தால் என்ன தனி ஆபத்து? மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடற்கரை இரவுகளில் அந்த அளவைத் தாண்டுவது சகஜம். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு உலோகம் சேரும் இடத்தில் அரிப்பையும் முடுக்கிவிடும். லேப்டாப் ஓடும்போது உள்ளே சூடு இருப்பதால் காய்ந்திருக்கும். மூடிப் பல வாரம் ஜன்னலோரத்தில் போட்டுவைத்தால்தான் ஈரம் நிதானமாக வேலை செய்யும். லீவு முடிந்து வெளியூர் போகும்போது லேப்டாப்பை விட்டுச் செல்பவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் பாம்பனைப் பாருங்கள். 1914இல் திறந்த ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி அரித்துப்போனதால், 2022 டிசம்பரில் அதன் மேல் ரயிலையே நிறுத்தினார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. இரும்புக்கே அந்த நிலை என்றால், காகிதம்போல் மெல்லிய அலுமினியத் தகட்டுக்குக் கேட்கவே வேண்டாம்.

சுருக்கமாக: போகப் போகத் திக்கும் லேப்டாப்புக்கு முதல் மருந்து சுத்தம் செய்வதும் பேஸ்ட் மாற்றுவதும். அதைச் செய்யாமல் ரேம் போடுவது தகரக் கூரையை விட்டுவிட்டுத் தளத்தைப் பெரிதாக்குவது.

திறக்கும் முன் பார்க்க வேண்டியது

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். கேமை ஓடவிட்டுப் பாருங்கள். ரேம் 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் பற்றவில்லை. எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும். கிராபிக்ஸ் 95 சதவீதத்துக்கு மேல் நின்று, சூடும் சரியாக இருந்தால், சிப் முழுத் திறனில் ஓடுகிறது என்று அர்த்தம். கேமின் செட்டிங்கைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. பிராசஸர் சூட்டைப் பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் போதும். கேம் திக்கும் அதே நேரத்தில் சூடு எல்லையில் நின்று, பிராசஸரின் வேகம் (கிகாஹெர்ட்ஸ்) சரிந்தால் த்ராட்டிலிங்தான்.

சார்ஜரையும் பாருங்கள். 180 வாட் கேட்கும் லேப்டாப்பில் 65 வாட் டைப்-சி சார்ஜரை மாட்டிக்கொண்டு கேம் திக்குகிறது என்று புலம்புபவர்கள் உண்டு. பேட்டரியில் மட்டும் ஓட்டினாலும் இதே கதை.

மூடியைத் திறக்கும்போது

வாரன்டி இருந்தால், திறக்கலாமா என்று முதலில் கம்பெனியிடமே கேளுங்கள். வெளிநாட்டில் வாங்கியது என்றால் இங்கே வாரன்டி செல்லுமா என்பதையும் சேர்த்து. முக்கியமான ஃபைல்களை வேறு இடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் வசதி) போட்டிருந்தால் அதன் ரெகவரி எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். எஸ்எஸ்டியை மாற்றும்போது கேட்கக்கூடும்.

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். சார்ஜரைக் கழற்றுங்கள். காற்றடிக்கும் திண்ணை வேண்டாம். ஜன்னலைச் சாத்திய அறையில், வெளிர்நிறத் துணி விரித்த மேசையில் உட்காருங்கள். விழும் ஸ்க்ரூ கண்ணில் படும்.

பெரும்பாலும் பிஎச்0 அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே செல்லோடேப்பால் ஒட்டிவிடுங்கள். நீளமும் குட்டையும் கலந்திருக்கும். குட்டை இருந்த இடத்தில் நீளத்தை முறுக்கினால் மேல்பக்கம் கீபோர்டைப் புடைத்துக்கொண்டு வரும். சில மாடல்களில் ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஒன்று ஒளிந்திருக்கும். எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் இழுக்காதீர்கள்; ஏதோ ஒன்று பாக்கி. ஓரத்துக் கிளிப்புகளை விடுவிக்கக் காலாவதியான ஏடிஎம் அட்டை போதும். கத்தி வேண்டவே வேண்டாம்.

மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கை நகத்தால் தள்ளுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்தினால் மிச்சமுள்ள மின்சாரமும் போகும். பேட்டரி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதை நெம்புவது தீயோடு விளையாட்டு. சர்வீஸ் ஆளிடம் கொடுப்பதே சரி.

தூசியை மெல்லிய பிரஷாலும், கையால் அமுக்கும் காற்றுப் பம்பாலும் எடுங்கள். வாயால் ஊதினால் எச்சிலும் போகும். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் தண்ணீரும் எண்ணெயும் வரும். காற்று அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். வெள்ளைப் பூப்பையும் பச்சைக் கறையையும் துடைக்க 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். சானிடைசர் ஆகாது, அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். ரேமின் தங்கமுனையை அழிப்பானால் தேய்ப்பது கடைகளில் பழக்கம். அந்தத் தங்கப்பூச்சு மிக மெல்லியது. ஆல்கஹால் தொட்ட துணியே போதும்.

பேஸ்ட் மாற்றுவது முதல்முறை திறப்பவருக்கான வேலை இல்லை என்பது என் கருத்து. ஒருவர் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள். தகட்டின் ஸ்க்ரூக்களுக்கு எண் போட்டிருப்பார்கள். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, மாட்டும்போது ஒன்றிலிருந்து. வீரேம் மேல் மெத்தை போன்ற பட்டைகள் இருந்தால் அவற்றின் தடிமனை மாற்றக் கூடாது. பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் போட்ட மாடல் என்றால் தகட்டைத் தொடாதீர்கள். அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி சிந்தினாலும் போர்டு போகும்.

ரேம் மாட்டுவது இதையெல்லாம் பார்க்கச் சுலபம். ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ஸ்டிக்கை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். வெட்டை ஸ்லாட்டின் மேட்டோடு சேர்த்து, சாய்வாகச் செருகுங்கள். தங்கமுனை ஏறக்குறைய மறையும் வரை உள்ளே போக வேண்டும். பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் மறுபடி எடுத்துச் செருகுங்கள்.

பேட்டரியை இணைத்து, மூடியை வைத்து, முதலில் இரண்டு ஸ்க்ரூ மட்டும் போட்டு, சார்ஜர் செருகி ஆன் செய்யுங்கள். திரை கறுப்பாகவே இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். புது ரேமைப் பார்த்ததும் லேப்டாப் அதோடு ஒத்துப்போகும் வேகத்தைத் தானே சோதித்துக்கொள்ளும். டிடிஆர்5இல் இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். நடுவில் பவர் பட்டனை அமுக்கி அணைக்காதீர்கள். ஐந்து நிமிடம் கழித்தும் வரவில்லை என்றால், அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ரேமை எடுத்து மறுபடி செருகுங்கள். பெரும்பாலும் அது சரியாக உட்கார்ந்திருக்காது.